வேலாம்புதூருக்கு ஒரு வண்டி

வேலாம்புதூர் நகர ஆரம்பித்தது தீபாவளி கழிந்த மூன்றாம் நாள் என்று பஸ் கண்டக்டர் சொன்னார், இல்லை, அதற்கு முன்னாலேயே, புரட்டாசி மழையிலேயே ஒரு வயல் நீளத்துக்கு ஊர் டவுனை விட்டுத் தள்ளிப் போயிருந்தது என்று பால்வண்டிக்காரர் சொன்னார், இரண்டு பேரில் யார் சொன்னது சரி என்று ஊரில் ஒருவரும் மெனக்கெட்டு விசாரிக்கவில்லை, ஏனென்றால் அந்த வருஷம் மழை தவறாமல் பெய்து மல்லிச்செடிகள் இடுப்பளவுக்குத் தழைத்திருந்தன, களை வெட்டவும் கவாத்து பண்ணவும் ஆளுக்கு நாலு கை இருந்தாலும் போதாது என்ற நிலைமை, ஊர் எங்கே நிற்கிறது என்று தலைநிமிர்ந்து பார்க்க யாருக்கும் பொழுதில்லை.

டவுனிலிருந்து பதினொரு கிலோமீட்டரில் இருந்த ஊர் கார்த்திகையில் பதினெட்டில் இருந்தது, மார்கழியில் முப்பதைத் தாண்டியது. ஊருக்குள் எதுவும் மாறவில்லை. வீடுகள் அதே வரிசையில் நின்றன, கிணறுகளில் அதே ஆழத்தில் தண்ணீர் கிடந்தது, மாரியம்மன் கோயில் மணி அடித்தால் கடைசி வீடு வரைக்கும் கேட்டது. ஊருக்கும் டவுனுக்கும் நடுவில்தான் புதிதாக இடம் உண்டாகிக்கொண்டிருந்தது. வெளுத்த, தட்டையான, கல்லும் முள்ளும் இல்லாத இடம். அதன் நடுவே தார் ரோடு மட்டும் யாரும் போடாமலேயே தானாக நீண்டுகொண்டு போனது. ஆடுகளை அங்கே ஓட்டிவிட்டால் மேயாமல் ஒரே நடையாகக் கடந்துபோயின. டவுனிலிருந்து ஒரு மனை வியாபாரி வந்து மஞ்சள் கல் நட்டு, கொடி கட்டி, பிளாட் போட்டார். பதினைந்தே நாளில் ஒவ்வொரு மனையும் பக்கத்து மனையிலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளிப்போய், வாங்கியவர்கள் தங்கள் கல்லைத் தேடி பைக்கில் அலைய வேண்டியதாயிற்று.

ஊர்க்காரர்கள் பழகிக்கொண்டார்கள். பஸ்ஸில் மாதத்துக்கு ஒரு தரம் டிக்கெட்டைக் கூட்டினார்கள். இறங்க ஏற நடுவில் ஆளே இல்லாத அந்த வெளிக்குக் கண்டக்டரே ஒண்ணாம் வெளி, ரெண்டாம் வெளி, மூணாம் வெளி என்று பேர் வைத்து விசில் அடித்தார். பள்ளிக்கூடத்து வாத்தியார் இரண்டு பேரில் ஒருவர் ஊரிலேயே வீடு பிடித்துக்கொண்டார், கைக்குழந்தைக்காரியான டீச்சர் அழுதுகொண்டே மாறுதல் வாங்கிப் போனாள். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனுக் கொடுத்ததற்கு, கிராமத்தின் நான்கு எல்லைகளும் சர்வே எண்களும் பதிவேட்டில் உள்ளபடியே இருப்பதால் கிராமம் நகரவில்லை என்று முத்திரை வைத்துப் பதில் வந்தது. அதைப் படித்துக்காட்டிய டீக்கடைக்காரர் அதுவும் நியாயந்தானே என்றார், கேட்டவர்களும் தலையாட்டினார்கள். டவுனில் வாழ்க்கைப்பட்ட பெண்கள் பொங்கலுக்கு வந்தபோது வழிக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்தார்கள். ஏன் ஊர் போகிறது, எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பூவை எப்படிக் கொண்டுபோவது.

மல்லி அப்படிப்பட்ட சரக்கு. விடியும் முன்னே மொட்டாகப் பறித்து, எட்டு மணிக்குள் டவுன் பூ மார்க்கெட்டில் கொட்டினால்தான் விலை. மத்தியானமானால் பாதி. சாயங்காலம் கூடையிலேயே விரிந்துவிட்டால் சென்ட் கம்பெனிக்காரன் சொல்வதுதான் விலை. மாசி பிறந்து, செடிகள் முதல் மொட்டு வைத்தபோது ஊர் அறுபது கிலோமீட்டரில் இருந்தது, பஸ்ஸோ ஒரே நடைதான் வந்துகொண்டிருந்தது. ஆகவே மல்லி வைத்திருந்த பதின்மூன்று வீட்டுக்காரர்களும் கோயில் வாசலில் கூடி, பொதுவில் ஒரு பிக்கப் வண்டி வாங்குவது என்று முடிவு செய்தார்கள். பாங்க் மேனேஜர் மரியாதையாக உட்காரவைத்து, தங்கள் கிளை கடன் கொடுக்கும் எல்லையைத் தாண்டி ஊர் போய்விட்டதாகச் சொன்னார். இருந்த ரொக்கம் போக மிச்சத்துக்குப் பதின்மூன்று வீட்டுப் பெண்களும் காதிலிருந்த தோட்டைக் கழற்றினார்கள். டவுன் அடகுக்கடையில் பதின்மூன்று ஜோடியும் ஒரே துணியில் முடிந்து வைக்கப்பட்டன. காது ஓட்டையில் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு அந்தப் பெண்கள், வண்டி வாங்கப் பாவாயியை அனுப்பினார்கள்.

பாவாயிக்கு ஐம்பத்திரண்டு வயது. அந்த ஊரில் எதை வாங்குவதானாலும் அவளை முன்னால் விட்டுத்தான் வாங்குவார்கள். மாட்டுச்சந்தையில் தரகர்கள் அவளைக் கண்டால் துண்டை இழுத்து முகத்தை மறைப்பார்கள், கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போனால் ஜவுளிக்கடை முதலாளி தானே எழுந்துவந்து, அம்மா இன்னைக்குக் கூட்டம் அதிகம், நாளைக்கு வாங்க என்பார். அவள் சண்டை போடுகிறவள் இல்லை, பொருளைக் குறை சொல்கிறவளும் இல்லை. ஒரே ஒரு விலையைச் சொல்வாள். பிறகு வாயை மூடிக்கொள்வாள். எதிரில் இருப்பவன் பேசுவான், சிரிப்பான், கணக்குப் போட்டுக் காட்டுவான், பிள்ளை மேல் சத்தியம் செய்வான். அவள் முகத்தில் ஒரு ஈ உட்கார்ந்தாலும் ஓட்டமாட்டாள். கடைசியில் அந்த மௌனத்தைத் தாங்கமுடியாமல் அவனே இறங்கிவருவான். பதின்மூன்று ஜோடித் தோட்டையும் மீட்டுக்கொண்டுதான் வருவேன் என்று அவள் ஊர் நடுவில் வைத்துச் சொன்னாள். அவள் புருஷன் சென்னியப்பன் மூட்டுவலிக்காரர், கைத்தடியோடு பஸ் வரைக்கும் வந்து, விலை படிஞ்சதும் ஒரு போன் போடு என்று மட்டும் சொன்னார். துணைக்கு அவர் தம்பி ராக்கியப்பன் கூடவந்தான். பத்து வருஷம் லாரி ஓட்டியவன், லைசென்ஸ் இருந்தது, வண்டியை ஓட்டிவர அவனைவிட்டால் ஊரில் ஆளில்லை.

ஷோரூம் கண்ணாடியாக இருந்தது. நடுவில் வெள்ளை நிறத்தில் பிக்கப் நின்றது, பானெட்டில் சாமந்தி மாலை. விற்பனைக்காரன் பேர் தீனதயாளன், முப்பத்தைந்து வயதிருக்கும், கழுத்து டை அவனை விட மூத்ததாக இருந்தது. பதிவு, இன்சூரன்ஸ், எல்லாம் சேர்த்து ஒன்பது லட்சத்து எண்பத்தைந்தாயிரம் என்று அவன் சொன்னான். பாவாயி வண்டியைச் சுற்றி ஒரு தரம் நடந்து, பின்பலகையைத் திறந்து மூடிப் பார்த்து, நாற்காலியில் வந்து உட்கார்ந்து, ஏழே முக்கால் என்றாள். தீனதயாளன் சிரித்தான். பாவாயி வாயை மூடிக்கொண்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் ஹேண்ட்லிங் சார்ஜ் என்று எழுதியிருந்த வரியை அவன் அடித்தான், பதினைந்தாயிரம் குறைந்தது, ஒரு ஜோடித் தோட்டுக்கு அடகுக்கடையில் கொடுத்த பணம். பாவாயி மனசுக்குள் ஒரு ஜோடித் தோட்டை எடுத்து மாரக்காளின் காதில் மாட்டினாள். மாரக்காள் ராக்கியப்பனின் பெண்சாதி. எந்த ஊர் உங்களுக்கு என்று அவன் கேட்டதற்கு, பக்கத்துலதான் கண்ணு, பதினொரு கிலோமீட்டர் என்று சொன்னாள். நமக்கு அவசரம் என்று எதிராளிக்குத் தெரிந்துவிட்டால் அதற்கு மேல் ஒரு ரூபாய் இறங்காது என்பது அவளுக்குத் தெரியும்.

அன்றைக்கு அவர்கள் ஊருக்குத் திரும்பவில்லை. பஸ் போய்ச்சேர மூன்று மணி நேரம், காலையில் திரும்பிவர மூன்றரை மணி நேரம் என்றார் கண்டக்டர். பூ மார்க்கெட்டில் தெரிந்த மண்டிக்காரர் ஒருவர், சாக்கு அடுக்கும் ஓரத்தில் படுத்துக்கொள்ள இடம் கொடுத்தார். மறுநாள் பாவாயி ஷோரூமுக்குப் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். அதற்கடுத்த நாளும் உட்கார்ந்தாள். ரப்பர் மேட்டும் தார்ப்பாயும் இலவசமாயின. நான்காம் நாள் அவள் எழுந்து, வரட்டுமா கண்ணு, அந்தப் பக்கம் இன்னொரு கடை இருக்குதாம் என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள், பெட்ரோல் பங்க் திருப்பம் வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள், தீனதயாளன் டை பறக்க ஓடிவந்து மேனேஜர் இன்னும் இருபது குறைக்கச் சொன்னார் என்றான். மேனேஜர் என்பவர் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒரு நிழலாகத்தான் இருந்தார். தீனதயாளன் உள்ளே போவான், நிழல் தலையை ஆட்டும், அவன் வெளியே வருவான்.

ஆறாம் நாள் நாலு ஜோடி தேறியது. பாவாயி ஊருக்குப் போன் போட்டுச் சொன்னாள். போனிலும் ஊர் தூரமாகிக்கொண்டிருந்தது. மார்கழியில் டவுனுக்கு வந்த இடத்திலிருந்து அவள் ஒன்று சொன்னால் சென்னியப்பனின் பதில் ஒரு மூச்சு கழித்து வந்தது, தை மாதம் ஒரு டீ குடிக்கும் நேரம் ஆனது, இப்போது இன்றைக்குப் பேசினால் பதில் எப்போது வரும் என்று நிச்சயமில்லை. போன் அடித்து எடுத்தால் முந்தாநாள் பேசிய குரல் கேட்கும், சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் ஆடு குட்டி போட்டதைச் சொல்லிவிட்டு நின்றுபோகும். மார்க்கெட்டில் எல்லோருக்கும் இது தெரியும். பூக்கட்டும் பெண்கள், பாவாயி போனில் பேசும்போது சத்தம் போடாமல் இருந்தார்கள்.

ஊரின் வேகம் கூடிவிட்டதென்று வருகிறவர்கள் சொன்னார்கள். நூறு என்றார்கள், இரண்டு நாள் கழித்து நூற்றைம்பது என்றார்கள். கடைசியாக வந்த வேலாம்புதூர்ப் பூக்கூடைகள் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து இறங்கின. அத்தனையும் விரிந்திருந்தன, மார்க்கெட் முழுக்க வாசம் அடித்தது, சென்ட் கம்பெனிக்காரன் கூட வாங்க வரவில்லை. அன்றைக்கு ராக்கியப்பன் டீக்கடை பெஞ்சில் வைத்து அவளிடம் பேசினான். குடுக்கறதைக் குடுத்துட்டுக் கெளம்பிரலாம் அண்ணி, ஊரு நிக்காதுங்க, வெலை நாளைக்கும் இறங்கும், ஆனா ஊரு நாளைக்குத் தூரத்துல இருக்கும் என்றான். பாவாயிக்குக் கோபம் வரவில்லை. ஆறு ஜோடி மீட்டிருக்கிறேன், இன்னும் ஏழு இருக்கிறது, எந்த ஏழு பேரின் காதைப் பார்த்து நான் உன் தோடு போய்விட்டது என்று சொல்வேன், நீங்களே பேர் சொல்லுங்கள் தம்பி என்று கேட்டாள். அவன் டீயைக் குடித்தான்.

பத்தாம் நாள் காலையில் கிளம்பின பஸ் திரும்பி வரவில்லை. பதினொன்றாம் நாளும் வரவில்லை. டிப்போக்காரர்கள் ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அந்த வழித்தடத்தை வேறு ஊருக்கு மாற்றினார்கள். பஸ் ஸ்டாண்டில் பெயிண்டர் ஏணி வைத்து ஏறி, பலகையில் வேலாம்புதூர் என்றிருந்ததன் மேல் வெள்ளை அடித்து, காயும் வரைக்கும் ஒரு பீடி குடித்துவிட்டு, புதுப் பேரை எழுதினார். மார்க்கெட்டில் வேலாம்புதூர் மல்லிக்கென்று இருந்த மேடையில் யாரோ செண்டுமல்லி மூட்டையை இறக்கினார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. இடம் காலியாக இருந்தது, அவ்வளவுதான். பாவாயி அந்த மேடையைக் கடந்துதான் தினமும் ஷோரூமுக்குப் போனாள், முகத்தில் எதையும் காட்டாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் மனசுக்குள் பன்னிரண்டு காதுகளில் தோடு மின்னியது, பிறகு பதினான்கு, பிறகு பதினாறு. மீதிக் காதுகளில் வேப்பங்குச்சி இருந்தது.

பதினான்காம் நாள் தீனதயாளன் அவளை ஷோரூமுக்கு வெளியே, எதிர் வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனான். டையைக் கழற்றிப் பாக்கெட்டில் வைத்தான். முதல் நாளிலிருந்து அம்மா என்று கூப்பிட்டவன், அன்றைக்கு வேறு மாதிரி கூப்பிட்டான்.

"அக்கா, உங்க ஊரு எங்க இருக்குதுன்னு எனக்கு ரெண்டாம் நாளே தெரியும்."

பாவாயி அவனைப் பார்த்தாள்.

அவன் சொன்னது இது. அவனுடைய மேனேஜருக்கும் தெரியும். வண்டியின் விலையில் பாதிச் சமாச்சாரங்கள் திரும்பி வருகிற வண்டிக்கானவை. ஐந்து இலவச சர்வீஸ், மூன்று வருஷ வாரண்டி, நடுவழியில் நின்றால் ஆள் அனுப்புவது, பழசானால் எடுத்துக்கொள்வது, எல்லாவற்றுக்கும் விலைக்குள்ளேயே காசு இருக்கிறது. போய்த் திரும்பாத வண்டிக்கு அதெல்லாம் எதற்கு என்று மேனேஜர் நேற்றுச் சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழித்தார். கழிக்கக் கழிக்க அவருக்கே மனசு கேட்காமல், தன் கமிஷனையும் கழித்தார். தீனதயாளனும் தன்னுடையதைக் கழித்தான். எட்டு லட்சத்து முப்பது என்று சொல்லச் சொன்னார்.

பாவாயி பேசவில்லை. வாயைத் திறந்தால் சத்தம் வருமா என்று அவளுக்கே தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் எத்தனையோ பேரின் முன்னால் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள், அதெல்லாம் வேறு, இது வேறு. ஆனால் தீனதயாளனுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. பதினான்கு நாளாக அந்த மௌனத்தோடு மல்லுக்கட்டியவன் அவன்.

"எட்டே கால்" என்றான். பிறகு, "எட்டு" என்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஏழு தொண்ணூறு. இதுக்குக் கீழ கேக்காதீங்க அக்கா, வண்டியே எங்களுக்கு அந்த வெலைதான்."

பதின்மூன்று ஜோடிக்கும் அது சரியாக இருந்தது. அந்த மாதிரி வண்டியை அந்த விலைக்கு அந்த ஜில்லாவிலேயே யாரும் வாங்கியதில்லை. இழவு வீட்டுக்கு எடுத்துப்போகிற எதையும் கடைக்காரர்கள் பேரம் பேசாமல் கொடுப்பார்கள் இல்லையா, அந்த மாதிரி ஒரு விலை. பாவாயி மடியிலிருந்த பையை அவிழ்த்தாள். எண்ணும்போது இரண்டு தரம் தவறியது, அவனே எண்ணிக்கொண்டான்.

அடகுக்கடைக்காரர் முடிச்சைப் பிரிக்காமலேயே திருப்பிக் கொடுத்தார், அந்தப் பதினைந்து நாளுக்கு வட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மண்டிக்காரர் அவலும் வெல்லமும் கட்டிக்கொடுத்தார். பூக்கட்டும் பெண்கள் வண்டிக்கு முன்னால் நாலு முழம் மல்லி கட்டினார்கள், வேறு ஊர் மல்லி. பெட்ரோல் பங்கில் டேங்க்கை நிரப்பி, புதிதாக வாங்கிய ஆறு கேன்களிலும் டீசல் பிடித்தான் ராக்கியப்பன். மூன்று போக, மூன்று வர என்று சாக்பீஸால் அவற்றின் மேல் குறித்து வைத்தான். தீனதயாளன் ஷோரூம் வாசலில் நின்று, வழக்கமாகப் புது வண்டி வாங்குகிறவர்களுக்குக் கொடுக்கிற பெரிய அட்டைச் சாவியை வைத்துக்கொண்டு போட்டோ எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, எடுக்காமல் விட்டுவிட்டான்.

பதினொன்றாம் கிலோமீட்டரில் வேலாம்புதூர் என்று எழுதிய பழைய கல் நின்றது. அதைத் தாண்டியதும் வெளி தொடங்கியது. கண்டக்டர் பேர் வைத்த ஒண்ணாம் வெளி, ரெண்டாம் வெளி எல்லாம் காலை பத்து மணிக்குள் கடந்துபோயின, அதற்கப்புறம் பேர் வைக்காத வெளி. மனை வியாபாரியின் மஞ்சள் கற்கள் மணிக்கொன்றாக வந்தன. மரமில்லை, கம்பமில்லை, காக்கை கூட இல்லை, ரோடு மட்டும் கோடு போட்டாற்போல நேராக, புதுத் தார் மினுமினுக்க, முடிவே தெரியாமல் கிடந்தது. வண்டி நன்றாக ஓடியது. என்ன வண்டி அண்ணி, ஸ்டீயரிங் பூ மாதிரி இருக்குதுங்க என்று ராக்கியப்பன் இரண்டு தரம் சொன்னான். இருட்டியதும் ரோட்டோரத்திலேயே நிறுத்தி, விடிந்ததும் கிளம்பினார்கள். முன்னால் கட்டிய மல்லி வாடிச் சருகாகியிருந்தது. பாவாயி தோட்டு முடிச்சை மடியில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாம் நாள் மத்தியானம், டவுனிலிருந்து எழுநூறு கிலோமீட்டர் வந்தபிறகு, போன் அடித்தது. எடுத்ததும் சென்னியப்பனின் குரல் பேச ஆரம்பித்துவிட்டது, பின்னால் மாரியம்மன் கோயில் மணியும் ஜனங்களின் சத்தமும் கேட்டன. ராக்கியப்பன் வண்டியை ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்தினான்.

"பாவாயி, நாலு ஜோடி ஆச்சுன்னு நீ சொன்னது இப்பத்தான் வந்து சேந்துச்சு. போதும். பொம்பளைங்க எல்லாரும் இங்கதான் நிக்கறாங்க, தோடு போனாப் போகுது, வேண்டாங்கறாங்க. அவன் கேக்கற வெலையைக் குடுத்துட்டு இன்னைக்கே கெளம்புங்க. கடைசி பஸ்ஸுல வந்த டிரைவர் கணக்குப் போட்டுச் சொல்றாரு, இன்னைக்குக் கெளம்பினா வந்து சேந்துரலாமாம். நாளைக்குன்னா சொல்ல முடியாதுங்கறாரு. மாரக்கா உங்கிட்டப் பேசணுங்கறா, இரு."

மாரக்காளின் குரல் வருவதற்குள் போன் நின்றுவிட்டது. பாவாயி விரல்விட்டு எண்ணினாள். கடைசி பஸ் போனது பத்தாம் நாள். அன்றைக்கு அவள் கண்ணாடி ஷோரூமில் நாற்காலியில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், பதினைந்தாயிரம் குறைத்தாள். அன்றைக்குத் தேறிய ஜோடி மாரியம்மன் கோயில் பூசாரி வீட்டம்மாவுடையது என்று மனசுக்குள் எழுதிக்கொண்டதும் ஞாபகம் வந்தது. ராக்கியப்பன் கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். நீங்க அன்னைக்கே சொன்னீங்க தம்பி என்று பாவாயி சொன்னாள். அதுக்கு என்னங்க இப்ப என்று அவன் சாவியைத் திருப்பினான்.

சிறிது தூரம் போனபிறகு அவள் போனைக் காதில் வைத்து, யாரும் கேட்காத அந்த நேரத்தில், கேட்க வேண்டியவர்களுக்கு என்றைக்காவது போய்ச் சேரட்டும் என்று பேசினாள். வண்டி வாங்கியாச்சு என்றாள். வெள்ளை வண்டி, ஏழு தொண்ணூறுக்குப் படிந்தது, பதின்மூன்று ஜோடியும் மடியில் இருக்கிறது, தம்பிதான் ஓட்டுகிறார், வந்துகொண்டிருக்கிறோம் என்றாள். மூட்டுக்கு எண்ணெய் போட்டுக்கொள்ளச் சொன்னாள். பிறகு போனை வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் ராக்கியப்பன் வண்டியை நிறுத்தினான். போகிற கேன் மூன்றும் தீர்ந்துவிட்டது, டேங்க்கில் முள் பாதிக்கு வந்துவிட்டது. முன்னால் வெளி எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. அடிவானத்தில் புகையோ பச்சையோ ஒரு கோபுர முனையோ இல்லை.

"இதோட சரிங்க அண்ணி. இதுக்கு மேல போனா திரும்பறதுக்கு எண்ணெய் பத்தாது."

"இன்னும் நூறு" என்றாள் பாவாயி.

அவன் கணக்குப் போட்டான். முப்பது வேண்டுமானால் போகலாம் என்றான், அதுவும் திரும்பும்போது கடைசி இருபது கிலோமீட்டர் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும் என்றான். பாவாயி எண்பது என்றாள். அவன் நாற்பது என்றான். அவள் வாயை மூடிக்கொண்டாள். அவன் ஸ்டீயரிங்கைத் துடைத்தான், கண்ணாடியைத் துடைத்தான், அவள் பக்கம் பார்த்தான், பார்க்காமல் திரும்பிக்கொண்டான்.

"சரி, அம்பது" என்றான்.

ஐம்பது கிலோமீட்டரையும் அவர்கள் ஒரே ஓட்டமாகக் கடந்தார்கள். பாவாயி ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கண்ணைச் சுருக்கி முன்னால் பார்த்தாள், நாற்பதாவதில் ஒரு முறை மல்லி வாசம் அடிப்பதுபோல இருந்தது, ஜன்னலை இறக்கிப் பார்த்தாள், சூடான தார் வாசம்தான் அடித்தது. ஐம்பதாவது முடிந்தபோது ராக்கியப்பன் சொன்ன வாக்குப்படி வண்டியை நிறுத்தினான். ரோடு அதே மாதிரி கிடந்தது. வெயில் அதே மாதிரி அடித்தது. பேரத்துக்குப் பேசிய தூரம் முடிந்துவிட்டது, மேற்கொண்டு கேட்கப் பாவாயியிடம் எந்த எண்ணும் இல்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு அவள் திரும்புவதற்குத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

ராக்கியப்பன் கதவைத் திறந்து இறங்கினான். சிறிது நேரம் ரோட்டில் நின்று முன்னால் பார்த்தான், பிறகு பின்னால் பார்த்தான். பிறகு பின்பலகையை இறக்கி, வர என்று சாக்பீஸால் எழுதியிருந்த முதல் கேனை எடுத்து, மூடியைத் திருகி, ஒரு சொட்டுச் சிந்தாமல் டேங்க்கில் ஊற்றினான். இரண்டாவதையும் ஊற்றினான். மூன்றாவதை ஊற்றும்போது பாவாயி இறங்கிவந்து புனலைப் பிடித்துக்கொண்டாள். காலிக் கேன்களை அவன் பின்னால் போட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

வண்டி டவுன் பக்கம் திரும்பாமல் முன்னாலேயே கிளம்பியது. சரக்கு ஏற்றாத புது வண்டி என்பதால் துள்ளித் துள்ளி ஓடியது, பின்னால் ஆறு கேன்களும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டு மோதிக்கொள்ளும் சத்தம் அந்த வெளி முழுக்கக் கேட்டுக்கொண்டே போனது.